உயிரணுவைத் தமிழில் படித்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கியம் பேசும் அவையில் உயிரியல் பாடத்துக்கு என்ன வேலை என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். கல்லூரி முதலாண்டு உயிரியல் நூல் எதனைத் திறந்தாலும் முதற்பகுதி ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைந்திருக்கும். உயிரணு, உயிர் மூலக்கூறுகள், வளர்சிதை மாற்றம் என்பன அதன் பொருள்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்ற மாணவி இம்மூன்றையும் ஓரளவு அறிந்தே கல்லூரிக்குள் நுழைகிறாள். அங்கு நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. உட்கரு, நொதி, சவ்வூடு பரவல் என்று அவள் அறிந்தவை வேறு பெயர் பூண்டு வந்து நிற்கின்றன. முன்பு கற்றதெல்லாம் வீணாயிற்று என்று எண்ணி அவள் மனப்பாடத்தில் இறங்குகிறாள். பழைய சொல்லைக் கைவிடும்போது அச்சொல்லின் வழியாகப் புரிந்துகொண்ட பொருளும் உடன் போய்விடுகிறது. எனவே இது சொல்லைப் பற்றிய செய்தி. அவ்வகையில் இந்த அவைக்கு உரியதே.

1665-ஆம் ஆண்டு இலண்டனில் இராபர்ட் ஹூக் என்பார் தக்கையை மெல்லிய சீவலாக அரிந்து நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். தேனடையில் உள்ளவை போன்ற சிறு சிறு அறைகள் தெரிந்தன. அவற்றுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். சிற்றறை என்பது அதன் இலத்தீன் மூலத்தின் பொருள். உண்மையில் அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றுச் சுவர்களே. குடியிருந்தவர் வெளியேறிய வீட்டைப் பார்த்துச் சூட்டிய பெயர், பின்னர்க் குடியிருப்பவரைக் கண்ட பிறகும் மாறாமல் நிலைத்துவிட்டது. 1838-இல் ஷ்லைடன் தாவர உடல் முழுவதும் இவற்றால் ஆனது என்றார். மறுஆண்டில் ஷ்வான் விலங்குடலுக்கும் அஃது ஒக்கும் என்றார். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றும் என்னும் கொள்கை 1855-இல் விர்ஷோவால் நிலைபெற்றது. ரீமாக் என்பார் அதனை முன்னரே கண்டு கூறியிருந்தும் பாடநூல்களில் விர்ஷோவின் பெயரே வாழ்கிறது. இலக்கிய வரலாற்றில் மட்டுமா இப்படி நேர்கிறது!

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெரும்பாலும் 'செல்' என்றே எழுதுகின்றன. பொதுமக்கள் எழுத்திலும் இதழ்களிலும் 'உயிரணு' வழங்குகிறது. ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. இம்மூன்றையும் சற்று நிறுத்துப் பார்க்கலாம்.

'செல்' என்பது எளிது, உலகப் பொதுவானது. ஆயினும் தமிழ்க் காதுக்கு அது ஏவல் வினை; பழைய வழக்கில் கறையான். 'செல்லரித்த ஏடு' என்னும் தொடரில் இருப்பது அந்தச் செல்லே. இக்காலத்தில் அச்சொல் கைப்பேசியையும் குறிக்கலாயிற்று. 'உயிரணு' கேட்ட அளவில் பொருள் உணர்த்தும் சொல். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று அதன் இனச்சொற்கள் மக்கள் நாவில் வேரூன்றிவிட்டன. டெங்குக் காய்ச்சல் பரவிய காலங்களில் 'தட்டணு குறைந்துவிட்டது' என்று பேசாத ஊர் அரிது. ஆனால் அணு என்னும் சொல்லை இயற்பியலும் வேதியியலும் தமக்கென எடுத்துக்கொண்டன. கோடானுகோடி அணுக்கள் சேர்ந்த ஒன்றினை 'அணு' என்று அழைப்பதில் உள்ள முரணை ஆசிரியர் ஒவ்வோர் ஆண்டும் விளக்கவேண்டியுள்ளது.

ஈழத்தார் கண்ட 'கலம்' இவ்விரண்டினும் நுட்பமானது. மட்கலம், மரக்கலம், அணிகலன் என்று வழங்கும் அச்சொல் ஒன்றைத் தாங்கிக் காப்பதைக் குறிக்கிறது. ஹூக்கின் அறைக்குச் சுவர்தான் உண்டு. கலத்துக்கோ உள் என்றும் புறம் என்றும் இரண்டு உண்டு. உயிரணுவின் தலையாய இயல்பும் இதுவே. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டடுக்காக நின்று உண்டாக்கும் மெல்லிய சவ்வு, உள்ளே பொட்டாசியத்தை மிகுதியாகவும் வெளியே சோடியத்தை மிகுதியாகவும் நிறுத்தி வைக்கிறது. அந்த வேறுபாட்டைக் காப்பதற்கு உயிரணு இடையறாது ஆற்றல் செலவிடுகிறது. வேறுபாடு மறைந்தால் உயிர் இல்லை. மைட்டோகாண்டிரியா என்பதற்கு ஈழத்தார் வழங்கும் 'இழைமணி' என்பதும் பாராட்டுக்குரியது. கிரேக்கத்தில் 'மைட்டோஸ்' நூலிழை, 'காண்ட்ரியான்' சிறுமணி. மூலத்தின் பொருளை அப்படியே நான்கெழுத்தில் அடக்கிய ஆக்கம் அது.

இந்த முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை, வேதியியல் ஆகியவற்றுக்குத் தமிழில் நூல்கள் கொண்டுவந்தார். 1875-இல் வெளிவந்த அவருடைய வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர். இன்று அப்பெயர் நகைப்பை விளைவிக்கலாம். ஆனால் அந்நூல்களைப் படித்த மாணவர் நோயாளியிடம் அவருடைய மொழியிலேயே பேசும் மருத்துவராக வெளிவந்தனர் என்பதை மறத்தலாகாது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் கண்டதும், பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்ததும் இவ்வரிசையில் வருவன.

இனி உயிரணுவின் உள்ளே உள்ளவை. நீரை நீக்கிவிட்டால் எஞ்சுவனவற்றுள் பெரும்பகுதி நான்கு வகையில் அடங்கும். மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், உட்கரு அமிலம் என்பன அவை. இவற்றுள் மாவுச்சத்தும் புரதமும் உட்கரு அமிலமும் சிறிய அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலிகள். அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. அது குளுகோஸ் என்னும் ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும் சங்கிலி. ஒரு பிடி வெறுஞ்சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள நொதி சங்கிலியை அறுப்பதே காரணம். நொதி என்னும் சொல் நொதித்தல் என்பதிலிருந்து வந்தது. இட்லி மாவு புளித்துப் பொங்கும்போது நிகழ்வது அது. ஜெர்மானியரான கூனே 1870-களில் இப்பொருளுக்கு 'என்சைம்' என்று பெயரிட்டபோது 'புளிமாவினுள் இருப்பது' என்ற பொருளிலேயே பெயரிட்டார். ஆகவே இங்குத் தமிழ்ச் சொல்லும் ஐரோப்பியச் சொல்லும் ஒரே அடுப்படியில் பிறந்தவை. 1897-இல் பூக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று காட்டினார். முழு உயிரணு இன்றியும் அதன் வேலை நடக்கும் என்று தெரிந்தபோது உயிர் வேதியியல் என்னும் துறைக்கு வாயில் திறந்தது.

புரதத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அமினோ அமிலங்கள் என்னும் இருபது அலகுகள் வெவ்வேறு வரிசையில் கோக்கப்பட்டுப் புரதங்கள் உண்டாகின்றன. வரிசையை ஆணையிடுவது டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகள். மும்மூன்றாக நின்று அவை அறுபத்து நான்கு 'சொற்கள்' ஆகின்றன. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கூடி இருநூற்றுப் பதினாறு உயிர்மெய் ஆகும் கணக்கை அறிந்த தமிழ் மாணவருக்கு இதில் வியப்பு இராது. இந்தச் சொற்களைப் படித்துப் புரதத்தைக் கோக்கும் இடம் ரிபோசோம். அதன் அமைப்பை அணு அணுவாகக் கண்டு காட்டியமைக்காக 2009-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசினை இருவருடன் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர்.

எழுத்துவமை ஓரளவுக்கே செல்லும். சொல்லுக்குப் பொருள் மரபால் வருவது. புரதத்துக்குப் பொருள் வடிவத்தால் வருவது. சங்கிலி எந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் மடங்க இயலாது என்பதை வரையறுக்கும் படம் ஒன்று உலகின் உயிர் வேதியியல் நூல்களிலெல்லாம் இடம்பெற்றுள்ளது. அதற்கு 'இராமச்சந்திரன் படம்' என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்துக் கிண்டி வளாகத்தில் பேராசிரியராக இருந்த கோ. நா. இராமச்சந்திரன் தம் குழுவினருடன் 1963-இல் அதனை வெளியிட்டார். அதற்கு முன்பே 1954-இல் தோலுக்கும் எலும்புக்கும் உறுதிதரும் கொலாஜன் புரதம் மூன்று புரியாக முறுக்கிய கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து காட்டியவர் அவர். மூன்று புரியும் நெருங்கி முறுக்கிக்கொள்ள வேண்டுமானால் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அலகுகளுள் மிகச் சிறியதாகிய கிளைசின் நிற்கவேண்டும். பெரியது ஒன்று அங்கு வந்து அமர்ந்தால் புரி நெகிழும்.

ஓரெழுத்து மாறினால் என்ன ஆகும்? 'கலம்' என்பதில் லகரம் ளகரமானால் 'களம்' ஆகிவிடும். குருதியின் ஹீமோகுளோபினில் ஒரு சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலைன் வந்தால் சிவப்பணு அரிவாள் வடிவம் கொள்கிறது, நுண்குழல்களில் சிக்கிக்கொள்கிறது, தாங்கவொண்ணாத வலி உண்டாகிறது. டி.என்.ஏ.யில் மாறியது ஒரே ஓர் எழுத்து. 1956-இல் இங்கிராம் கண்ட உண்மை இது. இந்நோய்க் கூறு நீலகிரி மலைவாழ் மக்களிடம் இருப்பது 1952-இலேயே கண்டறிந்து வெளியிடப்பட்டது. பாடநூலின் எடுத்துக்காட்டு எங்கோ ஆப்பிரிக்காவில் இருப்பதாக எண்ணும் மாணவருக்கு இதனைச் சொல்லுதல் வேண்டும்.

மூன்றாவது பொருளாகிய வளர்சிதை மாற்றத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு 'மாற்றம்' என்பதே பொருள். ஈழத்து 'அனுசேபம்' தமிழ்க் காதுக்கு எதனையும் உணர்த்துவதில்லை. கலத்தையும் இழைமணியையும் ஆக்கியவர்கள் இங்கு ஏன் சோர்ந்தனர் என்பது விளங்கவில்லை. 'வளர்சிதை மாற்றம்' என்பதோ கலைச்சொல்லாக்கத்தில் தமிழ் பெற்ற நற்பேறு. சிறியவற்றைக் கூட்டிப் பெரியதை ஆக்குவது வளர்மாற்றம். பெரியதை உடைத்து ஆற்றல் பெறுவது சிதைமாற்றம். இரண்டும் ஒருங்கே நடப்பதால் இரு வினையும் ஒரு தொடரில் நிற்கின்றன. இலக்கணம் அறிந்தோர் இதில் இன்னொரு நயம் காண்பர். 'ஊறுகாய்' என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். வினைத்தொகையில் முக்காலமும் மறைந்து நிற்கும். அதுபோல வளர்ந்ததும் வளர்வதும் வளரவிருப்பதும், சிதைந்ததும் சிதைவதும் சிதையவிருப்பதும் ஆகிய அனைத்தும் இச்சொல்லில் அடக்கம்.

இது வெறும் இலக்கண நயமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடலை ஓர் இயந்திரமாகவும் உணவை எரிபொருளாகவுமே அறிஞர் பலர் கருதினர். இயந்திரம் தேயும்போது மட்டும் சிறிது பழுது பார்க்கப்படும் என்பது அவர்தம் எண்ணம். 1930-களில் நியூயார்க்கு நகரில் ருடால்ஃப் ஷோன்ஹைமர், அடையாளமிட்ட நைட்ரஜன் கொண்ட அமினோ அமிலத்தை வளர்ச்சி நின்ற எலிகளுக்கு ஊட்டினார். எடை கூடவில்லை; ஆயினும் ஊட்டியதில் பெரும்பகுதி உடலின் புரதங்களுக்குள்ளேயே போய் அமர்ந்திருந்தது. அதாவது பழையது கழியப் புதியது நுழைந்துகொண்டே இருந்தது. நிலையாக நிற்பதுபோல் தோன்றும் உடல், நிற்காமல் ஓடும் ஆற்றைப் போன்றது.

இந்த ஆக்கத்துக்கும் சிதைவுக்கும் இடையே ஆற்றலைக் கைமாற்றித் தரும் பொருள் ஏ.டி.பி. ஆறு கார்பன் கொண்ட குளுகோஸ் முதலில் மூன்று கார்பன் கொண்ட இரு துண்டுகளாகப் பிளக்கிறது. பின்னர் இழைமணிக்குள் உயிர்வளியின் துணையால் முற்றும் சிதைந்து கரியமில வாயுவும் நீரும் ஆகிறது. ஒரு குளுகோசுக்கு முப்பத்தெட்டு ஏ.டி.பி. என்று பழைய நூல்களில் படித்தோர் உண்டு. இப்போதைய கணக்கு ஏறத்தாழ முப்பதே. உடலில் எந்தக் கணத்திலும் இருக்கும் ஏ.டி.பி. சில நூறு கிராமுக்கு மேற்படாது. ஆனால் அது திரும்பத் திரும்பச் செலவாகி மீண்டும் உருவாவதால் ஒரு நாளின் மொத்தப் புழக்கம் ஏறக்குறைய உடல் எடையளவை எட்டும்.

இப்பொருளைத் தசையிலிருந்து முதன்முதல் பிரித்துக் கண்டோருள் ஒருவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னையில் பள்ளிப் படிப்பு, மாநிலக் கல்லூரி, பின்பு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடையுடன் அறுவைப் பயிற்சிக்கு வந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். என்னும் குறைந்த தகுதியே பெற்றார் என்று அவர் வரலாறு கூறும். 1923-இல் பாஸ்டன் நகர் சென்றார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, உடல் நீர்மங்களில் பாஸ்பரசின் அளவை நீலநிறம் கொண்டு கணிக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். சிறிய கருவி, ஆனால் அதுவே பெரிய கதவுகளைத் திறந்தது. 1927-இல் தசையில் பாஸ்போகிரியாட்டின், 1929-இல் ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் தனித்து அதனைக் கண்டார். சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டவில்லை. மருந்து நிறுவன ஆய்வகம் ஒன்றுக்குச் சென்றார். அங்கு அவர் வழிநடத்திய ஆய்வுகளின் பயன்களுள் ஒன்று யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின். பிற்காலத்தில் தமிழக மாவட்டங்கள் பலவற்றில் வீடு வீடாகத் தரப்பட்ட மாத்திரை அதுவே. 1948-இல் மறைந்தார். ஏ.டி.பி. என்னும் மூன்றெழுத்தைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் இவ்வரலாற்றுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கலாம்.

தமிழ்ச் சொல் தடையாகும் இடமும் உண்டு. உயிரணு ஆற்றல் பெறும் முறைக்குச் 'சுவாசம்' என்று பெயரிட்டதால், அது நுரையீரலில் நடப்பது என்றே மாணவர் பலர் எழுதுகின்றனர். மூச்சு வேறு, ஒவ்வோர் உயிரணுவிலும் நடக்கும் இந்தச் சிதைமாற்றம் வேறு. ஆங்கிலத்திலும் இக்குழப்பம் உள்ளதென்பது ஓர் ஆறுதலாகாது.

இதனினும் பெரிய தடை ஒன்று வீடுகளில் இருக்கிறது. 'நீரிழிவு' என்பது பழைய சொல். அதிலுள்ள இழிவு தாழ்வன்று. இழிதல், அதாவது வழிந்து இறங்குதல். கிரேக்கத்தின் 'டயாபெடிஸ்' என்பதற்கும் ஊடே பாய்ந்து செல்லுதல் என்றே பொருள். 'மதுமேகம்' என்பதில் மது தேன். உடன்வரும் இலத்தீன் அடைமொழிக்கும் பொருள் தேனினிமையே. இருவேறு மருத்துவ மரபுகள் ஒரே குறியைக் கண்டு ஒரே வகையில் பெயரிட்டுள்ளன. இன்றைய வழக்கிலோ இவ்விரண்டும் ஒதுங்கிச் 'சர்க்கரை நோய்' என்பதே நிலைத்தது. சுருங்கிச் 'சுகர்' ஆயிற்று. பெயர் சர்க்கரை ஆனபின், நோயுற்ற பாட்டி காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் நிறையச் சோறு உண்கிறார். சோறு முழுவதும் குளுகோஸ் சங்கிலி என்பது அவருக்குத் தெரியாது. அதே வீட்டில் கல்லூரிக்குச் செல்லும் பேத்திக்கு அது தெரியும். தேர்வில் ஆங்கிலத்தில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருப்பாள். பாட்டியிடம் சொல்ல அவளிடம் சொல் இல்லை. பள்ளியில் கற்ற சொல்லை அவள் முதலாண்டிலேயே விட்டுவிட்டாள்.

உடலில் ஓடும் ஐந்து லிட்டர் குருதியில் இருக்கவேண்டிய குளுகோஸ் ஒரு தேக்கரண்டி அளவே. அதனைத் தசை உயிரணுவுக்குள் செலுத்த இன்சுலின் வேண்டும். ஐம்பத்தொரு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் அது. அது குறைந்தாலோ, உயிரணு அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ, குளுகோஸ் வெளியே தேங்க உயிரணு உள்ளே பசித்திருக்கும். கலத்தின் உள்ளும் புறமும் என்று முன்பு கூறிய வேறுபாட்டை அறிந்தவருக்கு இது விளங்கிவிடும். பாட்டிக்கும் விளங்கும், ஆழாக்கு அரிசி என்பது எத்தனை கரண்டிச் சர்க்கரை என்று தமிழில் ஒருவர் சொன்னால் போதும்.

தேங்கிய குளுகோஸ் சிவப்பணுவுக்குள் புகுந்து, நொதி எதன் உதவியும் இன்றித் தானாகவே ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே ஒட்டிய பங்கை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலை தெரியும். ஆய்வுக்கூடத் தாளில் இது எச்.பி.ஏ.ஒன்.சி. என்று அச்சாகியிருக்கும். அந்த எழுத்துகளை நோயாளிகள் நினைவில் கொள்வதில்லை. 'மூன்று மாதச் சர்க்கரை' என்கிறார்கள். அத்தொடரில் மூலக்கூறு இருக்கிறது. உயிரணுவின் ஆயுள் இருக்கிறது. பாடநூல் எழுதுவோர் அதனை அப்படியே எடுத்தாளலாம்.